இரவல் போர்டில் ஓடியவள்

கோயிலில் தெரிந்தவர்களைக் கண்டால் முதலில் சுகம் விசாரிப்பார்கள். அடுத்த கேள்வி, "மகள் இப்ப என்ன செய்யிறா?" என்பதுதான்.

"ஸ்கேட்போர்ட் ஓடுறா."

"அது சரி, வேலை என்ன செய்யிறா?"

"அதுதான் வேலை."

இப்படிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கண்ணும் கொஞ்சம் கலங்கும். அந்த வேலை அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை நான் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு சொல்லி முடிக்கக்கூடிய கதையும் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். பெரிய படிப்பு இல்லாதவன், எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வெள்ளவத்தையில் ஸ்கூல் வான் ஓடுகிறவன். விடியத் தலைக்குத் தோய்ந்து, திருநீறு பூசி, வானில் இருக்கும் முருகன் படத்துக்கு ஒரு பூ வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். பம்பலப்பிட்டி, ஹெவ்லொக் டவுன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை இறக்கி, பின்னேரம் திரும்ப ஏற்றிவந்து வீடுவீடாக விடுவேன். இந்த நகரத்து டிரஃபிக்கில் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழாமல் இத்தனை காலம் ஓடியதே கடவுள் செய்த காரியம் என்று நம்புகிறவன் நான்.

எங்களுக்கு ஒரே மகள். எங்கள் பிளாட்டின் அடியில் இருக்கும் கார் பார்க்கில் நல்ல வழுவழுப்பான சீமெந்துத் தரை. பகலில் வாகனங்கள் வெளியே போனபின் அது வெறுமையாகக் கிடக்கும். அங்கேதான் அவள் அந்த நாலு சில்லுப் பலகையில் ஏறிப் பழகினாள். வெளிநாட்டில் இருக்கும் மச்சாள் விடுமுறைக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன பலகை அது. ஒரு விளையாட்டு, கொஞ்ச நாளில் விட்டுவிடுவாள் என்றிருந்தோம். அவள் விடவில்லை. முழங்கால் தேய்ந்தது, முழங்கை தேய்ந்தது, அவள் மட்டும் தேயவில்லை. மனைவி ஒவ்வொரு நாளும் எண்ணெய் பூசிக்கொண்டே ஏசுவாள். நான் ஏசமாட்டேன். ஆனால் அந்தப் போர்டை வீட்டுக்குள்ளே கொண்டுவர விட்டதில்லை. காலால் மிதிக்கிற சாமான், ரோட்டு அழுக்கு. "வாசலுக்கு வெளியில, செருப்போட வை" என்பேன். அவளும் வைப்பாள்.

மகள் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் முடித்தபின் என் தம்பி பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் அவளுக்கு வேலைக்கு இடம் பார்த்துவைத்தான். நல்ல இடம், ஏசி, சனி ஞாயிறு லீவு. அவள் கொஞ்சக் காலம் தவணை கேட்டாள். ஸ்கேட்போர்டும் சப்பாத்தும் இறக்குமதி செய்கிற ஒரு கடைக்காரர்கள் இங்கே ஓடுகிற பிள்ளைகளில் ஒரே ஒருவரைத் தெரிவுசெய்யப் போகிறார்கள், மாதச் சம்பளம் கொடுத்து, வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் அனுப்புவார்கள் என்றாள். அப்படி எடுபட்டவர்களைத்தான் புரோ என்பார்களாம். "எடுபட்டால் இதுதான் என்ர தொழில். எடுபடாட்டி அடுத்த மாதமே சித்தப்பா சொன்ன இடத்துக்குப் போறன். பேந்து இதைப் பற்றி வாய் திறக்கமாட்டன்" என்றாள். சரி என்றேன். அவள் சொன்ன சொல்லை மாற்றுகிற பிள்ளை இல்லை. அதனால் அந்தத் தெரிவில்தான் அவளுடைய எல்லாம் இருந்தது.

போட்டி உண்மையில் இரண்டு பேருக்குள்தான் என்று எல்லாரும் கதைத்தார்கள். ஒன்று எங்கள் மகள். மற்றது கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன், அவளைவிட ஒரு வயது இளையவன், அந்தோனியாரைக் கும்பிடுகிற வேதக்காரப் பிள்ளை. அவன் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். போர்டோடு மேலே எழும்புவான், போர்ட் காற்றில் புரண்டு சுழலும், திரும்பக் கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி அவன் காலடிக்கே வந்து சேரும். படிக்கட்டுக்கு மேலால் பாய்வான், கம்பியில் சறுக்குவான். விழுந்தால் எழும்பி அதையே மறுபடி செய்வான். கையால் எண்ணிச் சொல்லக்கூடிய திறமை அவனிடம் இருந்தது.

எங்கள் மகளிடம் அவ்வளவு வித்தை இல்லை. ஆனால் அவள் ஓடுவது ஒரு மாதிரி நன்றாக இருக்கும், அதற்குமேல் விளங்கப்படுத்த எனக்குத் தெரியாது. வானிலே பிள்ளைகளுக்குச் சில ட்ரைவரோடு போனால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், சில ட்ரைவரோடு போனால் நித்திரை வரும். இரண்டு பேரும் ஒரே ரோட்டில், ஒரே நேரத்துக்குத்தான் கொண்டுபோய் விடுவார்கள். வித்தியாசம் எங்கே என்று கேட்டால் காட்டமுடியாது. அந்த மாதிரி. அவளோ அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. "ஸ்டைலுக்கு யாரப்பா மார்க்ஸ் போடப்போகினம்? அந்தக் கடைப் பொஸ் ட்ரிக்ஸைத்தான் எண்ணுவார்" என்று சொல்லி, பையன் செய்கிற பாய்ச்சல்களையே தானும் பழகிக்கொண்டிருந்தாள். பாதி வரும், பாதிக்கு விழுவாள்.

அந்த நேரத்தில் நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் கொலு பெரிதாக இல்லாவிட்டாலும், ஹோல் மூலையில் கும்பம் வைத்து ஒவ்வொரு பின்னேரமும் அவலும் கடலையும் படைத்துத் தேவாரம் பாடுவோம். கடைசியில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களையும் தொழில் செய்கிற சாமான்களையும் அம்மனுக்கு முன்னால் அடுக்குவோம். வைத்தால் வைத்ததுதான். விஜயதசமி விடியப் பூசை முடியும்வரை அதைத் தொடக்கூடாது. அந்த முறை பூசை ஞாயிற்றுக்கிழமை வந்ததால் எனக்கு வசதி, வானுக்கு ஓட்டமில்லை. சனிக்கிழமை பின்னேரமே வானைக் கழுவி, சந்தனம் வைத்து, சாவியையும் ஸ்பானர் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தேன். மனைவி தன் தையல் கத்தரிக்கோலை வைத்தாள். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வாசலுக்குப் போய், செருப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்த போர்டை எடுத்து, ஈரத்துணியால் சில்லுகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

மனைவி பார்த்த பார்வை! "இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்? காலால மிதிக்கிறதைக் கொண்டுபோய் அம்மனுக்கு முன்னால வைக்கிறதோ?"

"நான் வான் பிரேக்கைக் கையாலயோ பிடிக்கிறன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல நியாயம்" என்று சொல்லிக்கொண்டே சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். போர்டின் மேற்பக்கம் சேண்ட் பேப்பர் மாதிரிச் சொரசொரப்பு, பொட்டு நிற்காது. திருப்பி மரப்பக்கத்தில் வைத்தேன். மகள் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தேவாரம் பாடும்போது மட்டும் அவளுடைய குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

ஞாயிறு காலை அவளுக்குப் போனில் செய்தி வந்தது. அடுத்த சனிக்கிழமை வைத்திருந்த தெரிவை இன்றைக்கே மாற்றிவிட்டார்களாம். தெரிவுசெய்ய வந்திருந்த வெளிநாட்டு ஓட்டக்காரர் முன்கூட்டியே திரும்ப வேண்டியிருந்தது. பின்னேரம் எல்லாரும் வரவேண்டும், வராதவர்களுக்கு வேறு நாள் இல்லை.

நாங்கள் மூவரும் அம்மனுக்கு முன்னால் இருந்த போர்டைப் பார்த்தோம்.

"எடு பிள்ளை" என்றேன் நான். "அம்மாளாச்சி கோவிக்கமாட்டா. நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுறன்."

"நான் எடுக்கமாட்டன் அப்பா."

"விசர்க்கதை கதையாதை."

"தவணைச் சோதனைக்கு முதல்நாள் கணக்குப் புத்தகத்தை எடுக்கக் கேட்டு நான் அழுதது ஞாபகம் இருக்கோ? விட்டனீங்களோ? கணக்குக்கு ஒரு சட்டம், போர்டுக்கு ஒரு சட்டமோ?"

"அது சோதனை. இது உன்ர வாழ்க்கை."

"இவ்வளவு காலமும் அதைச் செருப்போட வை எண்டு சொன்னனீங்கள். இப்ப நீங்களாத்தான் கொண்டுவந்து சரஸ்வதிக்குப் பக்கத்தில வச்சிருக்கிறியள். அதை நான் இடையில தூக்கமாட்டன். கேக்காதேங்கோ" என்றாள்.

மனைவியும் அவளை ஒருமுறை கெஞ்சிப் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே புட்டு அவிக்கப் போய்விட்டாள். மகள் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனாள். கதைத்தது எனக்குக் கேட்டது. "டேய், உன்ர பழைய போர்ட் இருக்கல்லோ? ... ஓம், இண்டைக்கு. ... என்ரது சாமியிட்ட இருக்கு. ... சிரிக்காதை." அவள் கேட்டது கொட்டாஞ்சேனைப் பையனிடம். அவளோடு அதே இடத்துக்குப் போட்டி போடுகிறவனிடம்.

வான் பூசையில் இருந்தபடியால் நானும் மகளும் பஸ்ஸில் போய், கடைசித் துண்டுக்கு ஓட்டோ பிடித்தோம். சீமெந்தில் சரிவும் வளைவுமாகக் கட்டியிருந்த இடம் அது. பையன் வாசலிலேயே இரண்டு போர்டோடு நின்றான். கழுத்தில் சிலுவை, முழங்காலில் பிளாஸ்டர்.

"அங்கிள், நீங்க வானயும் சாமிக்கு வச்சிட்டு பஸ்ல வந்தீங்களா?"

"ஓம் தம்பி."

"நல்ல வேளை, சப்பாத்தையும் வைக்கல்ல. இல்லாட்டி அக்கா வெறுங்காலோட வந்திருப்பா." சிரித்துக்கொண்டே பழைய போர்டை அவளிடம் நீட்டினான். "சில்லு கொஞ்சம் பெருசு, லூஸ் பண்ணித்தான் வச்சிருக்கேன். திரும்புறது லேசு. ஆனா பாய்றது சரிவராது, சொல்லிட்டேன்."

அவள் ஏறி ஒரு சுற்று ஓடிப் பார்த்தாள். ஒருமுறை பாய்ந்து பார்த்தாள். போர்ட் ஒரு பக்கம் போக அவள் மறுபக்கம் விழுந்தாள். எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்துகொண்டு, "அப்பா, இதில ஒரு ட்ரிக்கும் வராது" என்றாள். அழவில்லை. நான் மடியில் கட்டியிருந்த திருநீற்றை எடுத்து அவளுக்குப் பூசினேன். பையன் பக்கத்தில் வந்து நெற்றியை நீட்டினான். "எனக்கும் போடுங்க அங்கிள், ஒண்ணும் ஆவாது." அவனுக்கும் போட்டேன்.

முதலில் ஓடியவன் அவன். நான் பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு அவன் செய்தது அபாரம். ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பாய்ந்தான், சுழற்றினான், கம்பியில் சறுக்கி வந்தான். ஒருமுறை பலமாக விழுந்தான். எல்லாரும் ஐயோ என்றார்கள், எழும்பிப்போய் அதையே செய்துகாட்டினான். விசிலடித்துச் சனம் அந்த இடத்தையே அதிரவைத்துவிட்டது. நான் மனதுக்குள் என் தம்பியின் கந்தோரை நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் இறங்கினாள். பாயவில்லை. சரிவில் இறங்கி, வளைவில் ஏறி, உச்சியில் அவசரப்படாமல் திரும்பி, வந்த வேகம் குறையாமல் அடுத்த வளைவுக்குப் போனாள். கை இரண்டும் தாழ்ந்து, தன்பாட்டில் இருந்தன. லூசான சில்லு அவளை எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கத்துக்கே அவளும் சாய்ந்து போனாள், அதோடு மல்லுக்கட்டவில்லை. சனத்தின் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. கடைசியில் சில்லுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு அந்த நேரத்தில் தெரிவு மறந்தே போய்விட்டது, கந்தோர் மறந்துவிட்டது. இந்தப் பிள்ளையை எனக்குத் தந்தாயே என்று கும்பிடத்தான் தோன்றியது. அவள் முடித்தபோது உடனே ஒருவரும் கைதட்டவில்லை. பிறகுதான் தட்டினார்கள்.

தெரிவுசெய்தவர்கள் மூன்று பேர். கடைப் பொஸ், அந்த வெளிநாட்டுக்காரர், இங்கே முதல் முதலில் ஓடத்தொடங்கிய பெண்களில் ஒருவரான ஒரு சிங்களப் பிள்ளை. எங்களுக்குக் கேட்கிற தூரத்திலேயே நின்று வாக்குவாதப்பட்டார்கள். பாதி சிங்களம், பாதி இங்கிலீஷ். சிங்களம் எனக்கு நல்லாய் விளங்கும். மல்லி என்றால் தம்பி, நங்கி என்றால் தங்கச்சி.

பொஸ் சொன்னார்: "மல்லி செய்ததில் பாதிகூட அந்த நங்கி செய்யவில்லை. இது நியாயமான தெரிவென்று நாளைக்கு நான் யாருக்குச் சொல்வது? வித்தையை எண்ணலாம். ஸ்டைலை எதால் அளப்பது?" அவர் சொன்னதிலும் பிழை இல்லை. கஷ்டப்பட்டு விழுந்து எழும்பிப் பழகினவனுக்குக் கொடுக்காமல், பார்க்க அழகாயிருக்கிறது என்பதற்காக இன்னொருவருக்குக் கொடுத்தால் அது என்ன நீதி?

வெளிநாட்டுக்காரர் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். மகள் என் காதில் சொன்னாள்: "பாய்ச்சலைப் பழக்கலாமாம். மற்றதைப் பழக்கேலாதாம்."

பொஸ் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "அய்யே, நீங்கள் வான் ஓடுகிறவர் என்று மல்லி சொன்னான். உங்களுக்கு ஒரு ட்ரைவர் வேண்டுமென்றால் எதைப் பார்த்து எடுப்பீர்கள்?"

எனக்கு வாயில் பதில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "மாத்தயா, நான் தகப்பன். என்னிடம் கேட்கக்கூடாது. என் மகளுக்காக நான் ஸ்டைல் என்பேன். அந்தப் பையனின் அம்மா இங்கே இருந்தால் திறமை என்பா. இரண்டு பேரும் பெற்ற வயிறு கதைக்கிற கதைதான் கதைப்போம்" என்றேன்.

அந்தச் சிங்களப் பிள்ளைதான் முடித்துவைத்தது. "மல்லியைப் பார்த்துச் சனம் கைதட்டியது" என்றது. "நங்கியைப் பார்த்தபோது எனக்கே எழும்பிப்போய் ஓடவேண்டும்போல் இருந்தது. உங்களுக்குப் போர்ட் விற்க வேண்டுமா, கைதட்டு வாங்க வேண்டுமா?" பொஸ் தலையைச் சொறிந்தார். இரண்டுக்கு ஒன்று. மகள் எடுபட்டாள்.

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதபோது நான் அந்தப் பையனைத்தான் பார்த்தேன். குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தான், ஏற்கெனவே கட்டியிருந்த நூலை. பிறகு வந்து அவளுக்குக் கைகொடுத்தான். அவள் போர்டைத் திருப்பிக் கொடுக்கப்போக, "வச்சிக்கங்க, பொறகு தாங்க. இப்ப ரெண்டையும் தூக்கிட்டுப் போக கை வராது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அம்மனுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். எழும்பியவள் என்னைக் கேட்டாள்: "அந்தப் பிள்ளையின்ர தாயும் அந்தோனியாரிட்டக் கேட்டிருப்பா தானே? எங்கட அம்மாள் வென்றா எண்டால் அவர் தோத்ததோ?"

"அவை ரெண்டு பேரும் அங்க மார்க்ஸ் போட வரேல்ல" என்றேன். ஆனால் எனக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

திங்கள் விஜயதசமி. பூசை முடித்து, சாவியை நான் எடுத்தேன், போர்டை அவள் எடுத்தாள். தம்பிக்குப் போன் எடுத்து, கந்தோருக்கு வரமாட்டாள் என்று சொன்னேன். அடுத்தநாள் செவ்வாய்க்கிழமை. காலை ஓட்டம் முடிந்ததும் இரவல் போர்டை எடுத்துக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். செவ்வாயில் அங்கே எங்கள் சைவ ஆட்களும் போவது வழக்கம்தானே. நன்றிக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, கொட்டாஞ்சேனையில் அந்தப் பையனின் வீட்டை விசாரித்துப் போனேன்.

அவன் வேலைக்குப் போயிருந்தான். தாய்தான் கதவைத் திறந்தா. நான் யாரென்றும் கோயிலால் வருகிறேன் என்றும் சொன்னதும் முகம் மாறினாலும், உள்ளே கூப்பிட்டு இருக்கச்சொல்லிப் பிளேன்டீ ஊற்றினா. போர்டை வாங்கிச் சுவரோடு சாய்த்துவைத்தா.

"உங்க மகளுக்குக் குடுத்தது சரிதான்னு எங்க வீட்டுல ஒருத்தன் சொல்லிட்டுத் திரியிறான்" என்றா. "நா சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷமா அவன் ஒடம்புல படாத எடமில்ல. எண்ணிப் பாத்தா அவன்தான் கூட. நீங்க கோவிச்சாலும் சரி."

"கோவம் இல்லை அக்கா. நீங்கள் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு."

"நியாயத்த வச்சிக்கிட்டு என்னா செய்ய?" பிளேன்டீக் கோப்பையை என் கையில் தந்தா. "ஒண்ணு கேப்பேன், உண்மையச் சொல்லணும். இப்பதான் கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கீங்க. உங்க மக அவ சொந்த போர்டுல வந்திருந்தா ஜெயிச்சிருப்பாளா?"

இதையே நான் மகளிடம் திங்கட்கிழமை கேட்டிருந்தேன். அவள் யோசிக்காமல் பதில் சொல்லியிருந்தாள். அதை இங்கே சொல்லாமல் எழும்பிப் போய்விடலாம். ஆனால் அந்த அம்மாவின் தேத்தண்ணீர் என் கையில் இருந்தது.

"இல்லை" என்றேன். "அவளே சொன்னவள். சொந்தப் போர்ட் இருந்திருந்தால் தானும் உங்கட மகன் மாதிரியே பாய்ஞ்சிருப்பாளாம். பாய்ச்சலில அவனை வெல்லேலாதாம். பாய ஏலாத போர்ட் கிடைச்சபடியால்தான் தன்பாட்டுக்கு ஓடினவளாம்."

அவ சுவரோடு சாய்ந்திருந்த போர்டைத் திரும்பிப் பார்த்தா. "அப்ப இவன் போர்ட் குடுத்ததாலதான் தோத்தான்."

"ஓம் அக்கா."

"குடுக்காம உட்டிருந்தா அவ வந்தே இருக்க மாட்டா."

"ஓம்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. சிரித்தாவா அழுதாவா என்று எனக்குத் தெரியவில்லை. "மடையன்" என்றா. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், எல்லாத்தையும் எடுத்துக் குடுக்காதடான்னு. அப்பன் மாதிரியே மடையன்." அந்தச் சொல்லைப் பிள்ளையின் தலையைத் தடவுவதுபோலச் சொன்னா. பிறகு நான் கேட்காமலே என் கோப்பையை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினா.

"அந்த மடையனைக் கும்பிடத்தான் அக்கா நான் வந்தனான்" என்றேன்.

"இருங்க அப்ப. சாப்பிட வருவான்."

இருந்தேன்.